கை படாத மீன்

ஒகல்லாலா, நெப்ராஸ்கா
மார்ச் 8, 2008

அக்கா,

போனில் மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழித்துத்தான் போட வேண்டும். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடு. சண்டை போட எழுதவில்லை. ஒரு தூண்டில் கம்பும் ரீலும் வாங்க வேண்டும், அதைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நவம்பரில் மெக்சிகோவுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். சான் ஹோசே என்று ஒரு கடலோர ஊர். அங்கே கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே ஆள் எடைக்குச் சூரை மீன் கிடைக்கிறதாம். தனியாகத்தான் போகிறேன். இங்கே தானியக் கிடங்கில் என்னோடு வேலை பார்ப்பவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன். "கடலா? அங்க போய் என்னத்தப் பண்றது, வெறும் உப்புத் தண்ணி" என்றார்கள். இவர்களுக்குப் பக்கத்தில் ஒரு ஏரி இருக்கிறது. அதில் பிடிக்கிற மீனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். லாரி ஓட்டி வந்து இந்த ஊரில் தங்கிப்போன நாளிலிருந்து நானும் அந்தச் சட்டைப்பை மீன்களைத்தான் பிடிக்கிறேன். பிடித்து, ஒரு தடவை பார்த்து, வெட்கப்பட்டுத் திரும்ப விட்டுவிடுகிறேன்.

சிக்கல் விமானம்தான். நம் ஊர்க் கம்பெல்லாம் ஒரே துண்டு, என்னைவிட உயரம். போய் இறங்கும்போது முறிந்துதான் கிடக்கும். அதனால் கழற்றி மாட்டுகிற கம்பு வேண்டும். பக்கத்து ஊர்க் கடையில் ஐந்து துண்டாகப் பிரிகிற ஒன்றைக் காட்டினார்கள். மொத்தமும் ஒரு கைப்பையில் அடங்குகிறது. "இது பெரிய சூரையைத் தாங்குமா?" என்று கேட்டேன். "எதையும் தாங்கும் சார்" என்றான் விற்கிறவன். அவன் வாழ்நாளில் முழங்கையைவிடப் பெரிய மீனைப் பார்த்திருக்க மாட்டான்.

ஹட்டராஸ் துறைமுகத்தில் உடைகிற கம்பெல்லாம் உன் கொட்டகைக்குத்தான் வருகிறது. எது எங்கே உடையும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? எத்தனை துண்டு வரைக்கும் நம்பலாம், சொல். பதில் எழுத மனமில்லை என்றால் ஐந்தா, நாலா, மூன்றா, எண்ணை மட்டும் ஓர் அட்டையில் எழுதிப் போடு.

நம் படகு மிஸ் ஓபலுக்கு இந்த வருஷம் அடியில் பெயிண்ட் அடித்தாயா?

எல்டன்


ஹட்டராஸ், வட கரோலினா
மார்ச் 29, 2008

எல்டன்,

இரண்டு.

ரோவீனா பேலன்ஸ்


ஒகல்லாலா
ஏப்ரல் 19, 2008

அக்கா,

உன் அட்டை வந்தது. ஒரே சொல். அதற்குக் கீழே, நான் யாரென்று குழம்பிவிடுவேன் என்று நினைத்தாயோ என்னவோ, குடும்பப் பெயரோடு கையெழுத்து. கம்பு பழுது பார்க்கக் கொடுத்தவர்களுக்கு ரசீதில் இப்படித்தான் போடுவாய். பரவாயில்லை, வாடிக்கைக்காரனாகவாவது வைத்திருக்கிறாய்.

அந்த அட்டையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்துப் பண்ணைக்கார விர்ஜில் காபி குடிக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னப்பா இது, யாரோ 'இரண்டு'ன்னு மட்டும் எழுதி அனுப்பியிருக்காங்க?"

"எங்க அக்கா."

"கோவமா?"

"ஆமா."

"எங்க அக்கா கோவப்பட்டா ஒண்ணுமே எழுத மாட்டா. பதினோரு வருஷமாச்சு. உன் பாடு தேவலை."

சொல்லிவிட்டுக் கிழவர் காபியைக் கூட முடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

இரண்டு துண்டு என்றால் எங்கே பிரிய வேண்டும்? நடுவிலா, கைப்பிடியிலா? ரீல் எப்படிப்பட்டது? கம்புக்கு அடியில் தொங்குகிற வகையா, மேலே உட்காருகிற வகையா? விற்கிறவன் தொங்குகிறதைத்தான் வாங்கச் சொல்கிறான், லேசாக இருக்கிறது என்கிறான்.

இன்னொன்று. துறைமுகத்து வில்ட்டன் கடைக்குப் போன் போட்டுப் பேசினேன். அவர் மேல் கோபப்படாதே, நான்தான் வாயைக் கிளறினேன். "உங்க அக்கா படகுக் கயித்தையே அவுக்கலப்பா. வெர்ஜினியாக்காரன் ஒருத்தன் வந்து வந்து சுத்திப் பாத்துட்டுப் போறான்" என்றார். நிஜமா? படகை விற்கப் போகிறாயா? என் பங்கைக் காசாக வாங்கிக்கொண்டு வந்தவன் நான், கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். அம்மா பெயரில் மிச்சம் இருப்பது அந்தப் படகு ஒன்றுதான். அது போய்விட்டால் நான் திரும்பி வருவதற்கென்று அங்கே ஓர் இடம் இருக்காது. உன் வீட்டுக் கதவைத் தட்ட எனக்குத் துணிச்சல் கிடையாது. படகில் என்றால் பேசாமல் வந்து ஏறிக்கொள்ளலாம் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்டன்


ஹட்டராஸ்
மே 11, 2008

எல்டன்,

கைப்பிடியில் பிரிய வேண்டும். நடுவில் பிரிகிற கம்பு நடுவில்தான் உடையும். பெரிய மீன் ஆழத்துக்குப் போய் நின்றுகொண்டு இழுக்கும்போது கம்பு முழுசாக வளைய வேண்டும், இணைப்பு இருக்கிற இடம் வளையாது, அவ்வளவுதான் விஷயம். மேல்பாகம் ஒரே துண்டாக, உன் தோள் உயரத்துக்கு இருக்கட்டும். கைப்பிடியைத் தனியாகக் கழற்றி வைத்துக்கொள். சூட்கேஸில் அடங்காது, குழாயில் போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். பெட்டியில் அடங்குகிற கம்பு வேண்டுமானால் பெட்டியில் அடங்குகிற மீனைத்தான் பிடிக்கலாம்.

ரீல் மேலே உட்காருகிற வகை. இரண்டு வேகம் இருக்க வேண்டும். மீன் உன்னை நோக்கி வரும்போது வேகமாகச் சுற்ற ஒன்று, அது அடியில் கல் மாதிரி நிற்கும்போது அங்குலம் அங்குலமாகத் தூக்க ஒன்று. லேசான ரீலைத் தூக்கிக்கொண்டு போனால் உன் முதுகுதான் அந்தக் கனத்தைச் சுமக்கும்.

இவ்வளவுதான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பேனா நிற்கவில்லை.

தனியாகப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். நல்லது, போ. அங்கே உன் கம்பில் கை வைக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

வேறொருவர் கை கம்பிலோ ரீலிலோ நூலிலோ பட்டுவிட்டால் அந்த மீன் உன்னுடையது இல்லை. அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து உனக்கு இந்த விதி தெரியும். நாம் கடைசியாகச் சேர்ந்து கடலுக்குப் போன அன்றைக்கு மூன்று படகுகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. ரேடியோவில் துறைமுகமே கேட்டுக்கொண்டிருந்தது. காலையில் மாட்டிய மீனை மதியத்துக்கு மேல் மேலே கொண்டுவந்துவிட்டேன். படகுக்கு அடியில் அதன் முதுகைப் பார்த்தேன், நம் வீட்டுக் கதவு அகலம். இங்கே எந்தப் பெண்ணும் அப்படி ஒன்றைத் தொட்டதில்லை. துறைமுகத்துச் சாதனைப் பலகையில் என் பேர் ஏற இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்போது சுக்கான் சக்கரத்தை விட்டுவிட்டு ஓடி வந்து கம்பில் கை வைத்தாய்.

கத்தியை எடுத்து நூலை அறுத்தது நான்தான். என்னுடையது இல்லாத மீன் எனக்கு எதற்கு? அதற்கு நீ சொன்னது நினைவிருக்கிறதா? "மீன்தானே அக்கா." கை வைத்ததைக் கூட விட்டுவிடுவேன், எல்டன். அந்த வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது. என் புருஷன் என்னை விட்டுவிட்டு நார்ஃபோக்குக்குப் போனபோது கூட இப்படி வலிக்கவில்லை. அவனுக்குக் கடலே பிடிக்காது, அவனுக்கு என்ன தெரியும்? உனக்குத் தெரியுமே.

மறுநாள் கடையில் வில்ட்டன் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: "என்ன ரோவீனா, மீனைப் பிடிச்சியா, இல்ல தம்பி கையைப் பிடிச்சியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

வெர்ஜினியாக்காரன் வந்தது நிஜம். புது வருஷம் பிறந்ததும் பதில் சொல்ல வேண்டும். மிஸ் ஓபலை ஓட்ட இரண்டு பேர் வேண்டும், சக்கரத்தில் ஒருவர், பின்னால் ஒருவர். நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

பெயிண்ட் அடிக்கவில்லை.

ரோவீனா


ஒகல்லாலா
ஆகஸ்ட் 3, 2008

அக்கா,

உன் கடிதத்துக்கு மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

நீ பார்த்தது மீனை. நான் பார்த்தது உன்னை. தோள்பட்டி உன்னைக் கம்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. அந்த மீன் ஒரு தடவை அடியில் பாய்ந்தால் கம்பு போகிற வழியில் நீயும் போவாய். படகு சாய்ந்தது, உன் பூட்ஸ் ஈரத்தில் வழுக்கியது, உன் முகம் பிசைந்த மாவு நிறத்தில் இருந்தது. பிப்ரவரித் தண்ணீரில் விழுந்தவர்களை நாம் இருவரும் சேர்ந்தே தூக்கியிருக்கிறோம், எத்தனை பேர் பிழைத்தார்கள்? விதியெல்லாம் அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. நாளைக்கே இன்னொரு தடவை நடந்தாலும் கை வைப்பேன். இதை உன்னிடம் மறைக்கவும் மாட்டேன், மன்னிப்பும் கேட்க மாட்டேன்.

இனித் தூண்டில் விஷயம். நீ சொன்னபடியே வாங்கிவிட்டேன். கைப்பிடியில் பிரிகிற கம்பு, இரண்டு வேக ரீல், தங்க நிறம். நூலை நானே சுற்றினேன். சுருளை ஒரு ஸ்குரூ டிரைவரில் செருகி, இரண்டு பூட்ஸுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க.

அப்புறம் ரீலின் பிடிப்பைச் சோதிக்க வேண்டும் இல்லையா, மீன் பாய்ந்தால் நூல் அறுபடாமல் கழன்று ஓடுகிறதா என்று. இங்கே பாய்வதற்கு என்ன இருக்கிறது? விர்ஜிலின் பிக்கப் வண்டிதான். நூலை அதன் பின்னால் கட்டி, நான் தோள்பட்டியெல்லாம் மாட்டிக்கொண்டு சோளக் காட்டு ஓரமாக நின்றேன்.

"மெதுவாப் போங்க விர்ஜில்!"

"எவ்வளவு மெதுவா?"

"ஒரு பெரிய மீன் போற மாதிரி!"

"நான் எந்தக் காலத்துல மீனாப் போயிருக்கேன்?" என்று சொல்லிக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். கம்பு வளைந்தது, ரீல் அலறியது, நான் பள்ளத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த வழியாக வந்த ஷெரிஃபின் ஆள் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "என்ன மாட்டிச்சு?" என்றான். "எழுபத்தெட்டு மாடல் ஃபோர்டு" என்றார் விர்ஜில்.

கடைசியில் நூல் உள்ளுக்குள் சிக்கிக்கொண்டு படக்கென்று அறுந்தது. நல்ல நூல், புது நூல். ஏன் அறுந்தது என்று எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

எல்டன்


ஹட்டராஸ்
செப்டம்பர் 14, 2008

எல்டன்,

முழுவதையும் உருவிப் போடு. நூலைத் தனியாகச் சுற்றினால் தளர்ச்சியாகத்தான் விழும். பாரம் வரும்போது மேலே இருக்கிற நூல் அடியில் இருக்கிற நூலுக்குள் புதைந்து தன்னைத் தானே அறுத்துக்கொள்ளும். இதை நீ மறந்துவிட்டாய் என்றால் நம்ப மாட்டேன். சின்ன வயதிலிருந்து நீ ரீலைச் சுற்றுவாய், நான் ஈரத்துணியால் சுருளை இறுக்கிப் பிடிப்பேன், என் உள்ளங்கை சூடேறி "போதும்டா" என்று கத்தும் வரைக்கும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். விர்ஜிலைப் பிடிக்கச் சொல். தடித்த கையுறை கொடு, அவருக்குக் கைப் பழக்கம் இருக்காது.

அன்றைக்கு நான் வழுக்கவில்லை. காலை மாற்றி வைத்தேன்.

இணைப்பில் மெழுகு தேய்த்து மாட்டு. ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் இணைப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார். ரீலைக் கம்பளிச் சாக்ஸுக்குள் போட்டுக் கையோடு கொண்டுபோ, பெட்டியில் போடாதே. கம்பு நுனியை ஆகாசத்தைப் பார்த்துத் தூக்காதே, உன் கெட்ட பழக்கம் அது.

போன வாரம் புயல் ஓரமாகப் போனது. துறையில் தண்ணீர் ஏறி, மிஸ் ஓபல் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தாள். கயிறு அறுந்துவிடுமோ என்று பயந்து மழையில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னால் என்ன செய்ய முடியும்? சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பிக்கப் வண்டிக் கதையைப் படித்துவிட்டுச் சமையலறையில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டு, யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பிப் பார்த்தேன். அடுப்பில் கிளிஞ்சல் சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு ஆளுக்கு எவ்வளவு வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, எப்போதும் மிஞ்சிப்போகிறது.

ரோவீனா


சான் ஹோசே டெல் காபோ, மெக்சிகோ
நவம்பர் 16, 2008

அக்கா,

பிடித்துவிட்டேன்.

கம்பு, ரீல், நூல் மூன்றும் தாங்கி நின்றன. விர்ஜில் தன் மனைவியின் அடுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு பிடித்த நூல் அது, ஒரு இடத்தில் கூடச் சிக்கவில்லை. இணைப்பு அசையவில்லை. கம்பு நுனியை உயர்த்தவில்லை, உன் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

படகு என்றால் நம்முடையது மாதிரி இல்லை. கூரை கிடையாது, சின்னது, ஒரே ஒரு படகோட்டி. ரமிரோ என்று பேர், என் வயசு இருக்கும். காலையில் கிளம்பி, கரையோர மலை பின்னால் சின்னதாகும்போது சூரை மாட்டியது. முதல் ஓட்டத்தில் பாதி நூலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அப்புறம் அடியில் போய் நின்றது. இரண்டாவது வேகத்தைப் போட்டு அங்குலம் அங்குலமாகத் தூக்கினேன், நீ சொன்ன மாதிரியே. வெயில் உச்சிக்கு வந்தது, இறங்கியது. என் இடது கை மரத்துப்போய்விட்டது. விரல் கம்பைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த நேரம் மீன் ஒரு இழுப்பு இழுத்தது. முழங்கால் படகின் விளிம்பில் போய் முட்டியது. எனக்குப் பயம் வந்துவிட்டது, அக்கா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே பயந்துவிட்டேன். "ரமிரோ, பிடி! கம்பைப் பிடி!" என்று கத்தினேன்.

அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்.

"இல்லைங்க ஐயா! உங்க மீன்! நான் தொட மாட்டேன்!"

"நான் சொல்றேன், பிடியா!"

"அப்புறம் திட்டுவீங்க! போன வருஷம் ஒருத்தர் இப்படித்தான் பிடிக்கச் சொன்னார், பிடிச்சேன். கரைக்கு வந்ததும் 'ஏன்டா தொட்டே, என் மீனைக் கெடுத்துட்டியே'ன்னு ஊரைக் கூட்டிட்டார். நீங்க பிடிச்சிருவீங்க ஐயா, அழகாப் பிடிக்கிறீங்க!"

ஊக்கம் கொடுப்பதாக நினைத்து இரண்டு கையாலும் தட்டினார். எனக்கு எதிரே ஒரு மனுஷன் நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறான், கையை நீட்டினால் தொடுகிற தூரம், ஆனால் அந்தக் கை வராது. என் காலைப் பார்த்தேன். நானும் வழுக்கவில்லை, காலை மாற்றி வைத்தேன் என்றுதான் யாராவது கேட்டால் சொல்லியிருப்பேன்.

எப்படியோ கொண்டுவந்துவிட்டேன். கரையில் தூக்கித் தொங்கவிட்டு எடை போட்டார்கள். என்னைவிடக் கனம். ஊரே கூடி நின்றது, போட்டோ எடுத்தார்கள், ரமிரோ என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். அப்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக இன்னொருவர் கை என் மேல் பட்டது. அவர் வீட்டில் அந்த மீனைப் பொரித்து, ரொட்டியில் சுருட்டி, எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள். அவர் குடும்பம் முழுக்கப் பேசிச் சிரித்தது. நான் பாதியிலேயே எழுந்து அறைக்கு வந்துவிட்டேன்.

நூற்றுக்கு நூறு என் மீன். யார் கையும் படவில்லை. பலகை இருந்தால் பேர் ஏற்றலாம். நீ இழந்தது என்னவென்று இப்போதுதான் எனக்கு அனுபவத்தில் தெரிகிறது, இனி எந்த மீனையும் "மீன்தானே" என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த மீனைப் பிடித்துவிட்டு இந்தக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி நான் ஒருநாளும் தனியாக இருந்ததில்லை. போனை எடுத்து உன் எண்ணைப் போட்டேன். மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன். இந்தத் தடவை வைத்தது நான்.

நாளை மறுநாள் ஒகல்லாலாவுக்குத் திரும்புகிறேன். வெர்ஜினியாக்காரனுக்கு என்ன பதில் சொல்லப் போகிறாய்?

எல்டன்


ஹட்டராஸ்
டிசம்பர் 7, 2008

தம்பி,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு படகுக்குப் போய், அங்கே உட்கார்ந்து படித்தேன். வீட்டில் படிக்க முடியவில்லை.

அந்தக் கம்பை நல்ல தண்ணீரில் கழுவு. இணைப்பைக் கழற்றித் துடைத்து, நிழலில் உலர்த்தி, குழாயில் போட்டு மூடி அங்கேயே வை. விர்ஜிலுக்கு ஏரியில் பிடிக்கக் கொடுத்தாலும் சரி. இங்கே வருவதற்குக் கழற்றி மாட்டுகிற கம்பு தேவையில்லை. உன் பழைய கம்பு, ஒரே துண்டு, மிஸ் ஓபலின் கூரைக்கு அடியில் அதே இடத்தில்தான் மாட்டியிருக்கிறது. நான் அதை எடுக்கவே இல்லை. கோபத்தில் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்.

வெர்ஜினியாக்காரனுக்கு வேறு படகு பார்க்கச் சொல்லிவிட்டேன். புது வருஷம் வரைக்கும் காத்திருக்கவில்லை. "ஏன்மா, ரெண்டு வருஷமா ஓடாத படகை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்றான். "பெயிண்ட் அடிக்கப் போறேன்" என்றேன். ஒரு பக்கம் அடித்தாயிற்று. மறுபக்கம் உனக்கு.

உன் பழைய ரீலைப் பிரித்து எண்ணெய் போட்டேன். பழைய நூலை உருவி எறிந்துவிட்டேன், வெறும் ரீல்தான் இருக்கிறது. கடையில் நூல் சுற்ற மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறார் வில்ட்டன். "கொண்டா ரோவீனா, அஞ்சு நிமிஷத்துல சுத்தித் தரேன்" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். புது நூல் சுருள் சமையலறை மேஜை மேல் இருக்கிறது, பக்கத்தில் துணியும் எடுத்து வைத்திருக்கிறேன். நீ சுற்று, நான் பிடிக்கிறேன்.

சூரை ஜனவரிக் கடைசியில் வரும் என்கிறார்கள். இந்தத் தடவையும் கம்பில் நான்தான் நிற்பேன், நீ சக்கரத்தைப் பார். கை வைப்பேன், மன்னிப்பும் கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். கேட்காதே. நானும் அன்றைக்கு உன்னைப் பார்த்துக் கத்தியதற்குக் கேட்கப் போவதில்லை. ஆனால் விதிப் புத்தகத்தை எடுத்து இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். கம்பு, ரீல், நூல், இந்த மூன்றைத் தொடக் கூடாது என்றுதான் போட்டிருக்கிறது. பிடித்திருக்கிற ஆளைத் தொடக் கூடாது என்று எங்கேயும் இல்லை. என் தோள்பட்டிக்குப் பின்னால் ஒரு வார் தைத்திருக்கிறேன், உன் கை முழுசாக நுழைகிற அளவுக்கு.

எனவே கம்பைத் தொடாதே. நான் வழுக்கினால் என்னைப் பிடி.

அக்கா